பேரைச் சொல்லாதவள்

நாற்பத்தெட்டு ஆண்டுகள் நான் என் கணவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தேன். அதற்காக என்னைப் புகழாதவர்கள் பீளமேட்டில் எங்கள் தெருவில் அப்போது இல்லை. சென்ற மாசி மாதம், அந்த ஒரு சிறப்புக்காகவே எனக்குப் பொன்னாடை போர்த்துவதென்று எங்கள் கோயில் வழிபாட்டு மன்றத்தார் தீர்மானித்தார்கள். அழைப்பிதழும் அச்சாயிற்று. அதில் என்னைப் பற்றி எழுதியிருந்த வரியைப் படித்தபோது எனக்கு உடல் கூசியது. நான் கணவரின் பெயரைச் சொல்லாததற்கு நாணமோ கற்போ காரணம் இல்லை. நான் திக்குவாய். அவர் பெயர் பகரத்தில் தொடங்குகிறது. போதாக்குறைக்கு நடுவிலும் ஒரு பகரம் வருகிறது.

திக்கல் எல்லா எழுத்திலும் ஒன்றுபோல் நிற்பதில்லை. உயிரெழுத்து எனக்குத் தடையில்லை; வாயைத் திறந்தால் வந்துவிடும். ககரத்தையும் தகரத்தையும் இரண்டு மூன்று முறை தட்டினால் கதவு திறந்துகொள்ளும். பகரம் அப்படியன்று. மேலுதடும் கீழுதடும் கூடினால்தான் அந்த எழுத்துப் பிறக்கும் என்று இலக்கணம் சொல்லும். எனக்கு அவை கூடும், பிரியா. மூச்சு உள்ளே முட்டிக்கொண்டு நிற்கும். கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் நிற்பவர் தம் கண்களை என் முகத்திலிருந்து மெல்லத் தரைக்கு இறக்குவார். அந்த இறக்கத்துக்குத்தான் நான் வாழ்நாளெல்லாம் அஞ்சினேன்.

எங்கள் கொங்குப் பேச்சு இதில் எனக்குப் பெருந்துணை. வகரமும் என்னிடம் சண்டித்தனம் செய்யும் எழுத்துத்தான். ஆனால் வீட்டை 'ஊடு' என்று சொல்லும் நாட்டில் பிறந்திருக்கிறேன். ஒருவரைக் கூப்பிட 'ஏனுங்க', பெண்பிள்ளையைக் கொஞ்ச 'அம்மணி', கணவரைக் குறிக்க 'ஊட்டுக்காரர்' என்று எல்லாம் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய அந்தச் சொற்களின் மேல் கால்வைத்தே நான் பாதி வாழ்க்கையைக் கடந்தேன். ஊர்ப்பெயரில் மட்டும் தப்ப முடியவில்லை. காந்திபுரத்தில் பேருந்து ஏறினால் 'பீளமேடு' என்று கேட்க வராது. ஆகவே அதைத் தாண்டியிருக்கும் 'ஏர்போர்ட்'டுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு பீளமேட்டில் இறங்கிவிடுவேன்.

"ஏனுங்கம்மா, எப்பப் பாத்தாலும் ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் எடுத்துப்போட்டு இங்கயே எறங்கறீங்களே, ப்ளேன் போயிருச்சுங்களா?" என்று ஒரு நடத்துநர் கேட்டார். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்புக்கு எழுத்துக் கிடையாது.

பிறந்தது அந்தியூர்ப் பக்கம். பள்ளியில் காலை இறைவணக்கம் பாடும் பொறுப்பு என்னுடையது. பதிகத்தைப் பண்ணோடு எடுத்தால் ஓர் எழுத்தும் இடறாது. பகரங்களெல்லாம் பூப்போல உதிரும். திக்குவாயர் பலருக்கும் பாட்டு இப்படிக் கைகொடுக்கும் என்று பின்னாளில் அறிந்தேன். அன்று எனக்கும் தெரியாது, என் ஆசிரியைக்கும் தெரியாது. ஒருநாள் இறைவணக்கத்தை முழுதும் பாடிவிட்டு வகுப்புக்கு வந்தவள், கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் உதடு மூடி நின்றேன்.

"பாடறப்ப மட்டும் வருது, பதில் சொல்றப்ப வராதாக்கும்? நடிக்கிறயா நீயி?" என்று பிரம்பை எடுத்தார் ஆசிரியை.

உள்ளங்கையில் விழுந்த அடி மறந்துவிட்டது. அந்தச் சொல் மறக்கவில்லை. அன்று நான் நடிக்கவில்லை. நடிக்கத் தொடங்கியது திருமணத்துக்குப் பின்பு.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னார்கள், பேசச் சொல்லவில்லை. அதனால் திக்கல் வெளிப்படாமலே திருமணம் நடந்தது. மூன்றாம் நாள் மாமியார் என்னைப் பீளமேட்டுச் சிவன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் என்னைப் பார்த்து, "ஊட்டுக்காரர் பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார்.

உதடுகள் கூடின. பிரியவில்லை. முகத்தில் இரத்தம் ஏறியது. குனிந்துகொண்டேன். பின்னால் வரிசை காத்துநின்றது. வந்த மூன்றாம் நாளே வாழ்வு இந்தக் கருவறை வாசலில் உடைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மாமியார் சிரித்தார். "சாமி, எம் மருமக புருசம் பேரச் சொல்லமாட்டாளுங்க. அப்பிடி வளத்தியிருக்காங்க. நாஞ் சொல்றனுங்க" என்று பெயரையும் நட்சத்திரத்தையும் தாமே சொன்னார்.

வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. என் முகச் சிவப்பு அவர்களுக்கு நாணமாயிற்று; குனிந்த தலை அடக்கமாயிற்று. நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் பேச வேண்டும்.

வீட்டுக்குள் திக்கல் இரண்டே நாளில் தெரிந்துபோயிற்று. மாமியார் அதற்காக என்னை ஒரு சொல் சொன்னதில்லை. கோயிலில் சொன்ன கதையை மாற்றவும் இல்லை. "புள்ள சித்த தயங்கித் தயங்கிப் பேசுவா" என்பது உறவுக்குள் அறிந்த செய்தி. புருசன் பேரைச் சொல்லாதவள் என்பது ஊர் அறிந்த பெருமை. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தவர் என் கணவர் ஒருவர்தாம்.

அவர் இங்கே ஒரு மில்லில் நெசவுப் பிரிவில் வேலை செய்தவர். தறிகளின் இரைச்சலில் அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். பிற்பாடு அவருக்குக் காதும் மந்தமாயிற்று. மணமான புதிதில் ஒருநாள், அடுக்கில் மேலே இருந்த பருப்பு டப்பாவை எடுத்துத் தரச் சொல்ல வாயெடுத்து, வழக்கம்போல் நின்றுவிட்டேன். அவர் கை நீட்டி டப்பாவை எடுத்து என் முன் வைத்தார். நான் திகைத்துப் பார்த்தேன்.

"மில்லுல காது எங்க கேக்குது அம்மணி. ஒதட்டப் பாத்துத்தான் எல்லாமே. நீ ஒதட்ட மூடுனதுமே 'ப'னான்னு தெரிஞ்சுபோச்சு. மிச்சத்த நீ எப்ப வேணாலும் சொல்லிக்க" என்றார்.

என் முகத்திலிருந்து கண்ணை இறக்காத முதல் மனிதர் அவர். மற்றவர்கள் பார்க்கக் கூசிய இடத்தை அவர் படிக்க வேண்டிய இடமாகப் பார்த்தார்.

ஆண்டுகள் ஓடின. அந்தப் பொய் எனக்கு வசதியாயிற்று என்பதை மறைக்க மாட்டேன். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தந்தை பெயர் கேட்டார்கள். நான் புன்னகைத்துக் குடும்ப அட்டையை நீட்டினேன். வாக்குச்சாவடியிலும் அப்படியே. எழுத்தர்கள் எழுந்து நிற்காத குறையாக மரியாதை காட்டினார்கள். திக்குவாய் என்றால் இரக்கம் கிடைக்கும். உத்தமி என்றால் நாற்காலி கிடைக்கும். நான் நாற்காலியில் அமர்ந்துகொண்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றேன். அவசரத்தில் குடும்ப அட்டையை எடுத்துக்கொள்ளவில்லை. சக்கர நாற்காலியில் அவரை அமர்த்தினார்கள். சீட்டுப் பதியும் இடத்திலிருந்த பெண் நிமிர்ந்து, "பேரு சொல்லுங்கம்மா" என்றாள்.

உதடுகள் கூடின.

"அம்மா, பேரு. பதிஞ்சாத்தானுங்க உள்ள கூட்டிட்டுப் போக முடியும்."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "அந்தக் காலத்து அம்மாங்க. புருசம் பேரச் சொல்லமாட்டாங்க" என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

"இப்பவுங்களா?" என்றாள் அந்தப் பெண்.

சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தவர் தலையைத் திருப்பி என் உதடுகளைப் பார்த்தார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டே தம் பெயரைத் தாமே சொன்னார். ஊரும் வயதும் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவர் மூச்சு வாங்கியது. என் வாழ்நாளில் அவர் திக்கிப் பேசிக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

இறைவன் அருளால் ஒரு வாரத்தில் வீடு திரும்பினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்ற பேரத்தான நாஞ் சொன்னேன். உடு அம்மணி" என்றார். அவர் விட்டுவிட்டார். என்னால் விட முடியவில்லை. வலியில் கிடந்த ஒரு மனிதரைத் தம் பெயரைத் தாமே சொல்லும்படி நிறுத்தியவளுக்கு உத்தமிப் பட்டம் ஒரு கேடா? அவர் உயிரோடு எதிரில் இருக்கும்போதே, நாலு பேர் கேட்க, அவர் பெயரை என் வாயால் ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும் என்று அன்று நிச்சயித்தேன்.

எங்கள் கோயிலில் கூத்தப்பெருமான் தெற்கு நோக்கி நிற்கிறான். எத்தனையோ மாலைகள் அவன் முன்னே நின்று பாடியிருக்கிறேன். ஐந்தெழுத்தைப் பேச்சாகச் சொன்னால் எனக்கு அதுவும் திக்கும். முதல் எழுத்து நான்கைந்து முறை வரும். கூடுதலாக வந்த எழுத்துகளை அவன் ஒருபோதும் திருப்பி அனுப்பியதில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்பு ஒருநாள் அந்தத் தூக்கிய திருவடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூக்கிய காலை அவன் இன்னும் ஊன்றவில்லை. எத்தனை தலைமுறை வந்து பார்த்துப் போயிற்று. ஒருவரும் அவன் இடறி நிற்கிறான் என்று சொன்னதில்லை. அதைக் கூத்து என்றார்கள். என் உதடு மூடி நிற்கும் நொடியை மட்டும் ஏன் குறை என்கிறார்கள்? அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகுதான் மன்றத்தார் பொன்னாடைத் தீர்மானத்தோடு வந்தார்கள்.

மன்றத்தின் செயலாளர் காங்கேயத்தில் எண்ணெய் ஆலை நடத்தியவர். ஆலையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே குடியேறியவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். நல்லவர். அழைப்பிதழைக் கையில் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு உட்கார்ந்தார்.

"இந்தக் காலத்துப் பொண்ணுக புருசன வாடா போடாங்குதுங்கக்கா. உங்களப் பாத்தாவது திருந்தட்டும்ங்க. 'கணவன் பெயர் கூறாக் கற்பரசி'ன்னு போட்டிருக்கறேன் பாருங்க. நானே எழுதுனதுங்க."

"ஏற்புரை உண்டுங்களா?" என்று கேட்டேன். சிறப்புச் செய்யப்பட்டவர் எழுந்து இரண்டு சொல் பேசுவது எங்கள் மன்றத்து வழக்கம்.

அவர் நெளிந்தார். "அதுக்கென்னங்கக்கா. ஏற்புரைக்குப் பதிலா ஒரு பதிகம் பாடிப்போடுங்க. உங்க கொரலுக்கு அதுதானுங்க அழகு. எதுக்குங்க சிரமம்?"

யாருக்குச் சிரமம் என்று கேட்க நினைத்தேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அந்த மன்றத்தில் பாடுகிறேன். பாட்டுக்குப் பொருள் சொல்ல ஒருநாளும் என்னை அழைத்ததில்லை. பாடுவது நான், பொருள் சொல்வது வேறொருவர். பொருள் எனக்கும் தெரியும்.

"பேசறனுங்க" என்றேன். அந்தச் சொல்லின் பகரத்திலும் நின்று, அதைக் கடந்துதான் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார்.

என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "பேச உடுங்க தம்பி. இல்லீன்னா அந்தச் சால்வைய நீங்களே போத்திக்குங்க. நீங்களுந்தான் எங்கம்மணி பேரச் சொன்னதில்ல" என்றார்.

செயலாளர் சிரித்துவிட்டார். ஏற்புரை உறுதியாயிற்று.

அடுத்த பத்து நாளும் எனக்கு ஒரு சோதனை. சமையலறையில் யாரும் இல்லாதபோது அவர் பெயரை ஒரு பண்ணில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய்போல் வந்தது. இரண்டு பகரமும் வழிவிட்டன. மண்டபத்திலும் அப்படியே பாட்டாகச் சொல்லிவிடலாம், ஒருவரும் குறை காண மாட்டார்கள், கைதட்டலும் கிடைக்கும். பாட்டு எனக்கு இறைவன் தந்த பல்லக்கு. ஆனால் பல்லக்கில் ஏறிச் சென்று, நடந்து வந்தேன் என்று சொல்வது இன்னொரு பொய். ஒரு பொய்யை விட்டு வெளியேற இன்னொன்றின் மேல் ஏறுவதா? வேண்டாம் என்று விட்டேன்.

அன்று மாலை மண்டபம் நிறைந்திருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கியின் முன் நின்றேன். முதல் வரிசையில் என் கணவர், கைத்தடியை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, என் வாயைப் பார்த்தபடி இருந்தார்.

"எல்லாருக்கும் வ... வ..." என்று தொடங்கினேன். வணக்கம் என்பதே வரவில்லை. முன்வரிசையில் இரண்டு பெண்கள் உதட்டை அசைத்து எனக்கு எடுத்துக்கொடுத்தார்கள். நான் கை காட்டி நிறுத்தினேன். வணக்கம் வந்தது.

செயலாளர் பக்கத்தில் வந்து காதோடு, "அக்கா, பாடிருங்கக்கா" என்றார்.

"பா... பாடமாட்டனுங்க" என்றேன். ஒலிபெருக்கியில் அது மண்டபம் முழுதும் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

பிறகு சொன்னேன். சொன்னது மிகக் குறைவு. எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். "இந்தப் பொ... பொன்னாடை எனக்கு உரியதில்லைங்க. நான் பேரச் சொல்லாம இருந்தது அடக்கத்தால இல்லைங்க. எனக்கு வாய் திக்கும். சின்னதுலருந்து திக்கும். அத மறைக்க உங்க புகழ்ச்சிய எடுத்துக் கட்டிக்கிட்டேன். ஆசுபத்திரியில இவிய உயிருக்குப் போராடறப்பக்கூட நான் பேரச் சொல்லுல. இப்பச் சொல்றேன்."

உதடுகளைக் கூட்டினேன். அவை பிரியவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். வேறு சொல்லுக்குத் தாவவில்லை. தலையைக் குனியவில்லை. கழுத்து நரம்பு புடைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். பல கண்கள் தரைக்கு இறங்கின. அவர் கண் இறங்கவில்லை. மூடிய என் உதடுகளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. ஒலி பிறக்கும் முன்பே அவர் தம் பெயரைக் கேட்டுவிட்டார். உதவிக்கு அவர் உதட்டை அசைக்கவில்லை.

ஒரு சூடம் எரிந்து அணையும் நேரம் ஆகியிருக்கும். முதல் பகரம் உடைந்தது. நடுவில் உள்ள பகரத்தில் மறுபடி நின்றேன். அதுவும் உடைந்தது. பெயரை முழுதாகச் சொன்னேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதுகோல் திக்காது, எவ்வளவு எளிதாக எழுதிவிடுவேன். பாட்டைப் போலவே அதுவும் ஒரு பல்லக்கு.

கைதட்டியவர்கள் சிலர். மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிரசாதம் வாங்கும்போது எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய் திக்குனா என்ன அம்மணி, ஆண்டவங் குடுத்தது. அதுக்காகப் புருசம் பேரப் பொதுவுல சொல்லிப்போடறதா?" என்று வருந்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை காலம் நான் நாணி மறைத்த திக்கலை அவர் ஒரே சொல்லில் மன்னித்துவிட்டார். நான் பெருமையோடு சொன்ன பெயரைத்தான் மன்னிக்க முடியவில்லை. உத்தமிப் பட்டம் அன்றோடு போயிற்று. திருமண வீடுகளில் ஆலத்தி எடுக்க இப்போது முன்போல் என்னைத் தேடுவதில்லை. பொன்னாடையைத் திருப்பிக் கேட்க மனமில்லாமல் செயலாளர் விட்டுவிட்டார். சுருதிப்பெட்டியின் மேல் தூசி படாமல் மூடுவதற்கு அது ஆகிறது.

வீடு திரும்பும் வழியில் என் கணவர், "நடுவால ரொம்ப நேரம் நின்னுட்ட. என்ற பேர மறந்துபோட்டயோன்னு நெனச்சேன்" என்றார்.

"உங்க பே... பேரு நீளமுங்க" என்றேன்.

எனக்குத் திக்கல் தீரவில்லை. இனித் தீரப்போவதும் இல்லை. தீர வேண்டும் என்ற வேண்டுதலையும் நிறுத்திவிட்டேன். பேருந்தில் 'பீளமேடு' என்று கேட்டுத்தான் சீட்டு வாங்குகிறேன். நடத்துநர் விரலில் சீட்டைப் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு வேண்டிய நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். மன்றத்தில் சென்ற மாதம் ஒரு பதிகத்துக்கு நானே பொருளும் சொன்னேன். வழக்கத்தைவிட நீண்டுவிட்டது. ஓரிருவர் எழுந்து போனார்கள். இருந்தவர்கள் கேட்டார்கள்.

போன திங்கட்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். இப்போதுள்ள குருக்கள் பழையவரின் மகன். தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரங்க?" என்றார். உதடுகள் கூடின. எனக்குப் பின்னால் நின்ற பெண், "அவிய புருசம் பேரச் சொல்லமாட்டாங்க, நாஞ் சொல்றனுங்க" என்று தொடங்கினாள். திரும்பாமலே உள்ளங்கையைத் தூக்கி அவளை நிறுத்தினேன். வரிசை நின்றது. குருக்கள் தட்டை ஏந்தியபடி நின்றார். நிற்கட்டும். தெற்கு நோக்கி ஒருவன் காலைத் தூக்கிக்கொண்டு எத்தனை காலமாக நிற்கிறான்.